ஊருக்குள் ரோபோ: பாடசாலை அணிகள் திருகோணமலையில் என்ன செய்யலாம்?

கோணேசபுரி_பயிற்றுநர்

வணக்கம். எங்கள் பாடசாலை அணியில் தரம் 8 இலிருந்து 11 வரை பத்துப் பிள்ளைகள். கையில் நான்கு ஆர்டுயினோ கார் (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை பூட்டியது), ஆறு மைக்ரோபிட் (அதுவும் அப்படியான சின்னப் பலகை), 8 அடிக்கு 4 அடிப் போட்டி மேசை ஒன்று. ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான் வெளியில் இறங்கலாம். பிறகு மாரி மழை பிடித்துவிடும்.

பிள்ளைகள் சொன்ன யோசனைகள் இவை: ஆரம்பப் பாடசாலைகளுக்குப் போவது, டச்சுக் குடாக் கடற்கரையில் மாலைக் காட்சி, நீருக்குள் ஓடும் ரோபோ, நூலகத்தில் ஒரு மூலை. எல்லாம் நல்லதுதான். ஆனால் கார் ஓடி, பிள்ளைகள் கைதட்டி, நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாத நிகழ்ச்சி எங்களுக்கு வேண்டாம். எதைக் கொண்டுபோவது, எத்தனை பிள்ளைக்கு எத்தனை தொகுதி, எது பழுதாகும், எதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்? அளவுகளோடு சொல்லுங்கள்.

உவர்மலை_மின்னியல்

சேர், முதலில் ஒரு கணக்குப் போடுங்கோ. நாலு காரை வைத்து நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் நடத்தினால், ஒரு பிள்ளையின் கையில் கார் இருக்கப்போவது ஆறு நிமிடம். மிச்சம் 54 நிமிடமும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறதுதான். அதனால் காரைப் பின்னுக்கு வைத்துவிட்டு, மூன்று பிள்ளைக்கு ஒன்று என்று செய்து முடிக்கக்கூடிய சாமானோடு தொடங்குங்கோ.

என் தெரிவு படம் கீறும் ரோபோ. முப்பது பிள்ளைக்குப் பத்துத் தொகுதி. தேவையானவை: 3 வோல்ட் சின்ன மோட்டர் 13, இரண்டு ஏஏ பற்றரி போடும் கூடு 10, ஏஏ பற்றரி 28, பெல்ட் பேனை 36, மறைப்பு டேப் இரண்டு சுருள், பெரிய கடதாசிக் கோப்பை 12, சூடான பசைக் குச்சி இரண்டு, கீழே விரிக்க பழைய கலண்டர்த் தாள்கள். கோப்பை கிடைக்காவிட்டால் 1 லீட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக வெட்டி, வெட்டு விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினால் காணும். யோகட் கப் வேண்டாம். அது அகலம் குறைந்தது, மோட்டர் மேலே ஏறினதும் குடைசாயும்.

கோப்பையைக் கவிழ்த்து மூன்று பேனையைக் காலாக ஒட்டுங்கோ. நாலு கால் வைத்தால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும், மூன்று என்றால் எந்தத் தரையிலும் மூன்றும் படும். மோட்டரை மேலே ஒட்டி, பசைக் குச்சியில் இரண்டு சென்ரிமீட்டர் துண்டு வெட்டி, அதன் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் துளைத்து மோட்டர் அச்சில் ஏற்றுங்கோ. அந்த ஓரப் பாரம் சுழலும்போதுதான் கோப்பை ஆடி ஆடி வட்டம் போடும். துண்டு நீளமாகப் போனால் மோட்டர் இழுக்க முடியாமல் நின்று சூடாகும். குட்டையாகப் போனால் உறுமும், நகராது. இந்த இரண்டையும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க விடுங்கோ. பாடமே அதுதான்.

உடைகிற இடம் ஒன்றே ஒன்று: மோட்டரின் செப்புத் தகட்டில் வயர் சோல்டர் பிடித்த இடம். அதிர்ச்சியில் வயர் அந்த மூட்டிலேயே மடிந்து மடிந்து அறும். போவதற்கு முன்பே எல்லா மோட்டருக்கும் வயர் சோல்டர் பண்ணி, மூட்டுக்கு மேல் ஒரு சொட்டுச் சூடான பசை விட்டு, வயரை மோட்டர் உடம்போடு சேர்த்து ஒட்டிவிடுங்கோ.

பல்துலக்கித் தலையில் பொத்தான் மின்கலம் வைத்துச் செய்யும் சின்ன ரோபோ இணையத்தில் நிறையக் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். பொத்தான் மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். ஏஏ பற்றரியைச் சின்னப் பிள்ளை விழுங்குவது அரிது.

கிண்ணியா_டீச்சர்

பாடசாலைப் பக்கத்தை நான் சொல்கிறேன். கடிதம் அதிபருக்கு, பிரதி வலயக் கல்விப் பணிமனைக்கு. கடிதத்தில் மூன்று விடயம் கட்டாயம் இருக்கட்டும்: எந்தத் தரம், எத்தனை மணித்தியாலம், அவர்களிடம் என்ன கேட்கிறீர்கள். “மண்டபம் வேண்டாம், கதிரை மேசை ஒதுக்கிய ஒரு வகுப்பறையும் ஒரு சொக்கெட்டும் போதும்” என்று எழுதினால் அனுமதி கெதியாக வரும்.

கிழமை நாளில் பாடசாலை 1.30க்கு விடும். அதற்குப் பிறகு பிள்ளைகளை மறிக்கக் கூடாது, தூரத்துப் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும். வெள்ளிக்கிழமை கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஜும்ஆவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும் பன்சலைப் (பௌத்த விகாரைப்) பாடசாலையும் இருக்கும். சனிக்கிழமை காலை 8.30 முதல் 11 வரைதான் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கிற நேரம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் கிழமைகளில் தரம் 5 பிள்ளைகளைக் கேட்காதீர்கள். தரம் 4 பிள்ளைகளைத் தாருங்கள் என்றால் டீச்சர்மாரே மகிழ்ச்சியாக அனுப்புவார்கள்.

உங்கள் பத்துப் பேரில் சிங்களம் சரளமாகப் பேசும் இரண்டு பேராவது இருந்தால் கந்தளாய்ப் பக்கமும் போகலாம். இல்லாவிட்டால் அங்குள்ள பாடசாலையின் மூத்த மாணவர்கள் இருவரை முதல் கிழமையே கூப்பிட்டுப் பழக்கி, அவர்களையே நடத்த விடுங்கள். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து நடத்தினால் நேரம் இரட்டிப்பாகும், பிள்ளைகளின் கண் ரோபோவை விட்டு அவர் முகத்துக்குப் போகும்.

இன்னொன்று. மூன்று பேர் குழுவில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் கலந்திருந்தால் மோட்டரை எடுப்பது பெரும்பாலும் பெடியன்தான், பெட்டைக்கு நிறம் தீட்டும் வேலை வந்துசேரும். “பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வேலை மாறும்” என்று தொடக்கத்திலேயே சொல்லி மணி அடியுங்கள். மோட்டர் ஒட்டுபவர், பாரம் வெட்டுபவர், சோதித்து எழுதுபவர் என்று மூன்று பாத்திரமும் எல்லாரிடமும் போய்ச் சேர வேண்டும்.

படம் எடுப்பதென்றால் பெற்றோரின் கையொப்பம் முன்பே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கைகளையும் ரோபோவையும் மட்டும் எடுங்கள், முகம் வேண்டாம்.

தம்பலகாமம்_மாணவி

மின்னியல் அண்ணா, கோடு பின்தொடரும் கார் வகுப்பறையில் வடிவாக ஓடுது. முற்றத்தில் வைத்தால் கோட்டைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போகுது. வெயில்தான் காரணமோ? கடற்கரைக் காட்சிக்கு அதைக் கொண்டுபோகலாமா?

உவர்மலை_மின்னியல்

வெயில்தான் தங்கச்சி. அந்த உணரி அகச்சிவப்பு ஒளியைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்குது. வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். வெயிலிலேயே அகச்சிவப்பு அள்ளு அள்ளென்று இருப்பதால், ஒளியை வாங்கும் பகுதி (வாங்கி) நிரம்பிப் போய், கறுப்பும் வெள்ளையும் ஒரே அளவாகத் தெரியும். உணரியின் விளக்கை அணைத்து ஒரு தரம், ஏற்றி ஒரு தரம் வாசித்துக் கழிக்கச் சொல்வினம். நிழலில் அது சரி. நேர் வெயிலில் வாங்கி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், கழிக்க வித்தியாசமே இராது. உணரியைத் தரையிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, நான்கு பக்கமும் கறுப்பு அட்டையால் பாவாடை கட்டு. அதோடு கூடாரத்துக்குள் வை. கடற்கரையில் என்றால் ஐந்தரை மணிக்குப் பிறகு.

கடற்கரை மணலில் கார் வேண்டவே வேண்டாம். மஞ்சள் கியர் மோட்டரின் பெட்டி மூடினது போலத் தெரிந்தாலும் அச்சுப் பக்கம் இடைவெளி இருக்கு. மணல் ஒரு தரம் போனால் பற்கள் தேய்ந்துவிடும். 8க்கு 4 ஒட்டுப்பலகை ஒன்றை மேசை உயரத்தில் போட்டு அதன் மேலேயே ஓட்டு.

கூட்டத்தில் நடக்கும் மற்றக் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

புளூடூத் காரெல்லாம் பெட்டியிலிருந்து வரும்போது ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் 1234. இரண்டு காருக்கும் ஒரே நேரம் மின் கொடுத்தால் ஒருவர் போன் மற்றவர் காரைப் பிடிக்கும். எச்.சி-05 (HC-05) புளூடூத் பலகையின் பொத்தானை அமுக்கியபடி மின் கொடுத்து, 38400 வேகத்தில் கட்டளைப் பயன்முறைக்குப் போய்ப் பெயரை மாற்று. பெயரை நிறம் என்று வை: சிவப்பு, பச்சை, நீலம். அதே நிற ஸ்டிக்கர் காரிலும் போனிலும். மைக்ரோபிட் என்றால் ஒவ்வொரு சோடிக்கும் வேறு வேறு வானொலிக் குழு எண், 0 முதல் 255 வரை எதுவும்.

தூரம் அளக்கும் மீயொலி உணரி இரண்டு நேருக்கு நேர் நின்றால் ஒன்றின் ஒலியை மற்றது கேட்டுப் பொய்த் தூரம் சொல்லும். துணியும் அதற்குப் பிடிக்காது. சேலை, கவுன் கட்டினவர் முன்னால் நின்றால் கார் நிற்காமல் போய் முட்டும். பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து நேராகப் பிடிக்கச் சொல், கச்சிதமாக நிற்கும்.

பற்றரி: 9 வோல்ட் சதுரப் பற்றரியால் மோட்டர் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் உள்மின்தடை கூட. மோட்டர் தொடங்கும் கணத்தில் வோல்ட்டு விழுந்து ஆர்டுயினோ மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கார் ஒரு அங்குலம் போய் நிற்கும், திரும்ப ஒரு அங்குலம் போகும். பிள்ளைகள் நிரல் பிழை என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். 18650 என்ற சார்ஜ் பண்ணும் லித்தியம் கலம் இரண்டு போட்டால் 7.4 வோல்ட், மோட்டரை ஓட்டும் எல்298என் பலகை அதில் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடும், மோட்டருக்கு 5.4 போகும், அது போதும். ஆனால் 18650 ஐ சார்ஜ் பண்ணுவதும் மாற்றுவதும் பெரியவர் கையில்தான். வெறும் கலம் திறப்புக்கொத்தோடு காற்சட்டைப் பையில் போனால் குறுஞ்சுற்றாகித் தீப்பிடிக்கும்.

நிலாவெளி_பிவிசி

நீருக்குள் ஓடும் ரோபோவைப் பற்றி. இயற்கைத் துறைமுகத்துக்கு உலகமெல்லாம் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடுவது நியாயமில்லை.

அரை அங்குல பிவிசிக் குழாய் மூன்று மீட்டர், முழங்கை மூட்டும் டீ மூட்டும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு, வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் 12 வோல்ட் சின்னப் பம்பின் மோட்டர் மூன்று, சிறகு மூன்று, 10 மீட்டர் வயர், 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈய அமில பற்றரி. இரண்டு மோட்டர் முன்பின், ஒன்று மேல்கீழ். குழாயின் எல்லாத் துண்டிலும் 5 மில்லிமீட்டர்த் துளை போடுங்கோ. துளை இல்லாமல் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கால் மணித்தியாலத்தில் ரோபோ ஒரு பக்கம் சரியத் தொடங்கும், ஏன் என்று யாருக்கும் விளங்காது.

வயரில்தான் எல்லாரும் சறுக்குவது. 0.75 சதுர மில்லிமீட்டர்ச் செப்பு மீட்டருக்கு 0.023 ஓம். 10 மீட்டர் போய்வர 20 மீட்டர், 0.46 ஓம். மோட்டர் ஒன்று 3 அம்பியர் இழுக்கும் என்று வைத்தால், ஒரு சோடி வயரில் மூன்றையும் தொங்கவிட்டால் 9 அம்பியர், விழுவது 4.1 வோல்ட். 12 இல் எட்டுக்கும் கீழேதான் கடைசியில் மிஞ்சும். மோட்டருக்கு ஒரு சோடி என்று தனித்தனியே கொண்டுபோனால் 1.4 வோல்ட்டோடு முடியும். 10 அம்பியர் பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே. தண்ணீர்ப் பக்கம் 230 வோல்ட் வரவே கூடாது. சார்ஜ் எல்லாம் முதல் நாள் வீட்டில்.

தொட்டி: காற்றூதும் பிளாஸ்டிக் தடாகம். 3 மீட்டர் அகலத்தில் அரை மீட்டர் தண்ணீர் என்றால் 3500 லீட்டர். நிமிடத்துக்கு 10 லீட்டர் வரும் குழாயில் ஆறு மணித்தியாலம். கச்சான் காற்றடிக்கும் கோடையில் அவ்வளவு தண்ணீர் கேட்பதும் சரியில்லை. 2 மீட்டர் அகலம், 40 சென்ரிமீட்டர் ஆழம் எடுங்கோ. 1250 லீட்டர், இரண்டு மணித்தியாலம், முடிந்ததும் பாடசாலை மரங்களுக்கு. 40 சென்ரிமீட்டரும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்தான ஆழம்தான், அதனால் தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு பெரியவர் வேண்டும்.

மூதூர்_கணிதம்

பிவிசி அண்ணன் சொன்ன வயர்க் கணக்கு அருமை. ஆனால் மேலே மின்னியல் போட்ட ஆறு நிமிடக் கணக்கை இதற்கும் போடுங்கள். ரோபோ ஒன்று, அதை ஓட்டும் பிடி ஒன்று. நாற்பது பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி. ஆளுக்கு ஒன்றரை நிமிடம். பெரிய செலவில் பெரிய வேடிக்கை.

இரண்டாவது, ஊருக்குப் போவதென்றால் ஊர் என்ன கேட்கிறது என்று முதலில் கேட்க வேண்டாமா? குச்சவெளியிலிருந்து கொட்டியாரக் குடா வரை கருவாடு காயவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தம்பலகாமத்தில் வயல். மூன்று பிள்ளைகள் ஒரு கொப்பியோடு போய், ரோபோ என்ற சொல்லையே எடுக்காமல் நான்கு கேள்வி கேட்கட்டும்: ஒரு நாளில் எந்த வேலைக்கு அதிக நேரம் போகிறது? எதைத் தவறவிட்டால் நட்டம்? அதை இப்போது எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? பிழைத்துப்போன நாளில் என்ன நடந்தது? பிறகு என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

கருவாட்டுக்கு ஈரப்பதமும் வெப்பமும் அளக்கும் சின்னக் கருவி பயன்படும். நீல நிற டிஎச்டி11 உணரி வேண்டாம். அது 80 விழுக்காட்டுக்கு மேல் நம்ப முடியாதது, நம் கரையில் இரவு ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும். வெள்ளை டிஎச்டி22 எடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் காற்றின் வெப்பத்தை விட்டு உணரியின் கூடு சூடான வெப்பத்தைத்தான் காட்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஐந்தாறை இடைவெளி விட்டு அடுக்கி அதற்குள் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்புப் போதும்.

வயலுக்கு மண் ஈரம் அளக்கும் முள்ளுக்கரண்டி உணரியை எல்லா அணியும் தூக்கிக்கொண்டு போகிறது. அதன் இரண்டு முள்ளிலும் நேர்மின் ஓடுவதால் சில கிழமையில் ஒரு முள் கரைந்து போய்விடும். கொள்ளளவு (கெப்பாசிட்டிவ்) வகை உணரி எடுத்து, வாசிக்கும் கணத்தில் மட்டும் மின் கொடுக்க வேண்டும். அதை விட, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும் வயலில் விவசாயி பார்ப்பது மண் ஈரத்தை அல்ல, நிற்கும் தண்ணீர் மட்டத்தை. ஒரு மிதவையும் ஒரு ஆளியும் அதற்குக் காணும். கேட்டால்தான் இது தெரியவரும்.

நிலாவெளி_பிவிசி

ஒன்றரை நிமிடம் சரி தம்பி, மறுக்கவில்லை. அதனால்தான் தொட்டியைச் சுற்றி நிற்கிற பிள்ளைக்கும் கையில் வேலை வேண்டும். குடிக்கும் குழல் ஒன்றின் அடியில் களி அடைத்து, தண்ணீரில் நிமிர்ந்து மிதக்க விட்டு, நீர் மட்டத்தில் கோடு கீறச் சொல்லுங்கோ. பிறகு உப்புத் தண்ணீரில் விட்டால் கோடு மேலே வரும். கடல் நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரை விட இரண்டரை விழுக்காடுதான் கூட. 10 சென்ரிமீட்டர் அமிழ்ந்த குழல் 2.5 மில்லிமீட்டர்தான் உயரும், தரம் 4 பிள்ளைக்குக் கண்ணில் படாது. அதனால் லீட்டருக்கு 35 கிராம் போடாமல் 100 கிராம் போடுங்கோ, ஆறு மில்லிமீட்டர் வரும். முப்பது பிள்ளைக்குப் பதினைந்து போத்தல், ஒன்றரைக் கிலோ உப்பு.

அதைச் செய்த பிறகு அந்தப் பிள்ளையிடமே கேளுங்கோ: இந்த ரோபோ 2 லீட்டர் தண்ணீரை விலக்குது, தொட்டியில் சரியாக நிற்கிறது, நாளைக்குக் கடலில் விட்டால் எத்தனை கிராம் பாரம் கூட்ட வேண்டும்? 50 கிராம் என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் பிடி.

மூதூர்_கணிதம்

இது சரி. இப்படி என்றால் நானும் உடன்படுகிறேன்.

உப்புவெளி_வரைபடம்

வாணி விழாவை யாரும் சொல்லவில்லையே. நவராத்திரி பெரும்பாலும் உங்கள் கால எல்லைக்குள் வரும். விஜயதசமியில் ஏடு தொடக்கும் பிள்ளைகளுக்கு ‘அ’ கீறிக் கொடுக்கும் பேனை ரோபோ ஒன்றை வைக்கலாம். அது இலேசான கோடாகக் கீறும், பிள்ளை அதன் மேல் தன் கையால் எழுதும்.

இரண்டு சின்ன சேர்வோவால் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டர்) கை செய்தால் மூட்டு ஆட்டத்தில் ‘அ’ வின் சுழி கோணலாகும். எழுத்து 8 சென்ரிமீட்டருக்குக் குறையக் கூடாது. 28பிவைஜே-48 படி மோட்டர் இரண்டும் மரை வெட்டிய கம்பித் தண்டவாளமும் என்றால் வளைவு சுத்தமாக வரும், ஆனால் மெதுவாகத்தான் ஓடும். அந்த மோட்டர் ஒரு சுற்றுக்கு 2048 படி, 5 வோல்ட்டில் நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றைத் தாண்டாது. வரிசையில் ஐம்பது பிள்ளைகள் நிற்பார்கள் என்றால் முதல் நாளே இருபது தாளைக் கீறி வைத்துவிடுங்கள்.

மின்சாரமே வேண்டாத ஒன்றும் இருக்கிறது. சீமெந்துத் தரையில் சோக்கால் 40 சென்ரிமீட்டர்ச் சதுரம் ஐந்துக்கு ஐந்து. ஒரு பிள்ளை ரோபோ, மற்றப் பிள்ளைகள் “முன்”, “இடம்”, “வலம்” அட்டைகளை அடுக்கி ஓட்டுகிறார்கள். ரோபோப் பிள்ளை அட்டையில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும், முன்னால் சுவர் இருந்தாலும். ஒரு பிழை வந்ததும் முழு வரிசையையும் கலைக்காமல் எந்த அட்டையில் பிழைத்தது என்று விரலால் தொட்டுத் தேடப் பழக்குங்கள். கரண்ட் போனாலும் நிகழ்ச்சி நிற்காது.

பாலையூற்று_அக்கா

விசேட கல்வி அலகுகளை மறந்துவிடாதீர்கள். ரோபோ அணியால் ஒரே நாளில் செய்து, அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, பொம்மைக்குப் பெரிய ஆளி போட்டுக் கொடுப்பது. விரலால் சின்னச் சுவிட்சைத் தள்ள முடியாத பிள்ளை கையாலோ முழங்காலாலோ தட்டினால் பொம்மை ஓடும்.

பொம்மையை வெட்டத் தேவையில்லை. இரு பக்கமும் செம்பு பூசிய 0.8 மில்லிமீட்டர் மின்பலகையில் ஒரு சென்ரிமீட்டர்ச் சதுரம் வெட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய வயர் சோல்டர் பண்ணி, 3.5 மில்லிமீட்டர் மோனோச் சொக்கெட்டில் முடியுங்கள். அந்தச் சதுரத்தைப் பற்றரிக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் செருகினால் சுற்று அறும், வெளி ஆளியைத் தட்டினால் சேரும். ஆளிக்கு இரண்டு பிளாஸ்டிக் மூடி, உள்ளே அலுமினியத் தாள், நடுவில் துளை போட்ட ஸ்பொஞ்ச். 15 சென்ரிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஸ்பொஞ்ச் தடித்தால் பிள்ளையால் அழுத்த முடியாது, மெலிந்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். 5 மில்லிமீட்டரில் தொடங்கிப் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: சுவிட்சைப் போட்டுவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் பொம்மைதான் இதற்குச் சரி. ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்கினால்தான் பாடும் பொம்மைக்கு மின்னை அறுத்துச் சேர்த்தாலும் தொடங்காது, அதன் பொத்தானுக்கே வயர் கொண்டுபோக வேண்டும். எந்தப் பிள்ளைக்குக் கை, எந்தப் பிள்ளைக்குத் தலை என்று அந்த டீச்சரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கிண்ணியா_டீச்சர்

அக்கா சொன்னது மிக முக்கியம். அதோடு செய்யக் கூடாதவை மூன்றையும் எழுதிவிடுகிறேன்.

அனர்த்த எச்சரிக்கை மாதிரி செய்யும் அணிகள் உரத்த சைரன் வைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கரையோரக் கிராமங்களில் அந்தச் சத்தத்தை எழுப்பவே வேண்டாம். விளக்கு மட்டும் எரியட்டும், அல்லது மெல்லிய மணி. டிரோன் பறக்க விடுவதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு, இங்கே சீனக்குடா விமானப்படைத் தளமும் கடற்படைத் தளமும் வேறு. பாடசாலை அணிக்கு அது தேவையில்லாத சிக்கல். மூன்றாவது, ரோபோச் சண்டை. வேகமாக மோதி உடைப்பதைப் பார்க்கக் கூட்டம் வரும், ஆனால் பிள்ளைகள் கட்டுவதை விட்டு உடைப்பதைத்தான் கற்றுக்கொண்டு போவார்கள்.

தம்பலகாமம்_மாணவி

டவுனில் மான்கள் குப்பைத் தொட்டியில் பொலித்தீன் தின்னுதே, அதுக்கு உணரி வைத்த தானியங்கி மூடி செய்யலாமா?

மூதூர்_கணிதம்

நல்ல பிரச்சினையைப் பிடித்திருக்கிறாய் தங்கச்சி. ஆனால் மானுக்கும் மனிதருக்கும் மீயொலி உணரிக்கு வித்தியாசம் தெரியாது. மான் கிட்ட வந்தாலே மூடி திறந்து கொடுக்கும். பாரம் கட்டிய மூடியும் கையால் நெம்பும் கொளுக்கியும் போதும். எந்த இடத்தில் மோட்டர் தேவையில்லை என்று கண்டுபிடிப்பதும் பொறியியல்தான். மாதிரி ஒன்றைக் கட்டி, அளவுகளோடு படம் கீறி உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொண்டுபோங்கள்.

திருமலை_நூலக_உதவி

விட்டுவிட்டு வருவதைப் பற்றிக் கேட்டீர்கள் சேர். ஒரு பாடசாலைக்கு ஒரு பெட்டி, ஒரு டீச்சர். பெட்டி மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கட்டும், உள்ளே சிலிக்கா ஜெல் பை நாலைந்து. நம் கடற்காற்றில் பற்றரிக் கூட்டின் வில்லும், குத்தும் வயர்களின் வாயும் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். பற்றரியைக் கழற்றி வேறு பையில் வையுங்கள். பூத்த தகட்டை மெல்லிய மண்கடதாசியால் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் அற்ககோலால் துடைத்தால் மீண்டும் தொடும்.

மூடியின் உட்பக்கம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானின் படமும் எண்ணிக்கையும் ஒட்டுங்கள். எழுதிய பட்டியலை யாரும் வாசிப்பதில்லை, படத்தைப் பார்த்து எது குறைகிறது என்று தரம் 4 பிள்ளையே சொல்லும். நிகழ்ச்சிக்கு முதல் கிழமை அந்த டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஒரு ரோபோவை முழுதாகக் கட்டவையுங்கள். நிகழ்ச்சி நாளில் பாதியை அவர் நடத்தட்டும். அது நடக்காவிட்டால் பெட்டி அலுமாரிக்குள் போய்விடும்.

போட்டிக்குப் பதிவு எழுதும்போது “300 மாணவர்கள் பயனடைந்தனர்” என்று மட்டும் எழுதாதீர்கள். பர்ஸ்ட் (FIRST) என்ற சர்வதேச மாணவர் ரோபோப் போட்டியில் முன்பு சேர்மன்ஸ் விருது என்றிருந்ததை 2023 பருவத்திலிருந்து இம்பாக்ட் (தாக்கம்) விருது என்று மாற்றியிருக்கிறார்கள். தாக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெட்டியை எத்தனை தரம் திறந்தார்கள், எத்தனை மோட்டர் மாற்றினார்கள், எந்த வகுப்புப் பாவித்தது என்பதை டீச்சரிடம் ஒரு பக்கத் தாளில் கேட்டு வாங்குங்கள். டபிள்யூஆர்ஓவின் (உலக ரோபோ ஒலிம்பியாட்) எதிர்காலப் புத்தாக்கப் பிரிவுக்குப் போவதென்றால் அங்கே அணிக்கு இரண்டு மூன்று பேர்தான், காட்சிக் கூடம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மீட்டர். கருவாட்டுக் கருவியோ பொம்மை ஆளியோ அந்த அளவுக்குள் கச்சிதமாக அடங்கும்.

கோணேசபுரி_பயிற்றுநர்

மிக்க நன்றி எல்லோருக்கும். பிள்ளைகளோடு கதைத்து இப்படி வைத்திருக்கிறோம். ஓகஸ்டில் மூன்று பேர் குச்சவெளிக்குக் கொப்பியோடு மட்டும் போகிறார்கள். செப்டெம்பரில் இரண்டு சனிக்கிழமை, இரண்டு ஆரம்பப் பாடசாலை, படம் கீறும் ரோபோவும் சோக்குச் சதுரமும். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி விடுகிறோம். நவராத்திரிக்குப் பேனை ரோபோ. விசேட கல்வி அலகுக்கு நான்கு பொம்மை, நான்கு ஆளி. நீர் ரோபோவுக்கு 2 மீட்டர்த் தடாகம், குழல் சோதனையோடு. கார்களும் போட்டி மேசையும் நூலகத்தில் மாலை வேளையில்.

ஒரு கேள்வி மிச்சம். விட்டுவரும் பெட்டியில் உதிரியாக எத்தனை மோட்டர் வைப்பது? நிகழ்ச்சிக்குச் சொன்ன மூன்று, ஒரு தவணை முழுதுக்கும் காணுமா?

உவர்மலை_மின்னியல்

காணாது சேர். பத்துக்கு ஐந்து வையுங்கோ, ஐந்துக்கும் வயர் சோல்டர் பண்ணிப் பசை விட்டே வையுங்கோ. பாடசாலையில் சோல்டர் இரும்பு இராது. பேனை காய்வது மோட்டரை விடக் கெதியாக நடக்கும், அதனால் உதிரிப் பேனை பன்னிரண்டு. பாவித்து முடிந்ததும் மூடி போட்டு, முனை கீழே பார்க்க நிற்கவைக்க வேண்டும் என்று அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கோ.